தாளிக்க இரண்டு பேர்

திரும்பி வந்து நாளாகிவிட்டது. பெட்டிகள் பரணில் ஏறிவிட்டன. மகள் வாங்கித் தந்த குளிர் அங்கிகள் இரண்டும் அந்துருண்டை போட்டு பீரோவின் அடித்தட்டில் கிடக்கின்றன. வேப்பூர் வெயிலில் அவற்றுக்கு வேலை இல்லை. எல்லாம் அதனதன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் ஒன்று மட்டும் சேரவில்லை. அமெரிக்காவில் மகள் வீட்டில் இருந்த மாதங்களில் நானும் இவரும் பேசிக்கொண்டோம். கல்யாணமான நாள் முதல் அப்படிப் பேசிக்கொண்டதில்லை. ஊருக்கு வந்த கொஞ்ச நாளிலேயே அந்தப் பேச்சு நின்றுபோனது. சண்டை இல்லை, மனத்தாங்கல் இல்லை, ஒருவர்மேல் ஒருவருக்குக் குறையும் இல்லை. விடிந்ததும் இவர் கூட்டுரோட்டுக்கு டீ குடிக்கப் போகிறார். நான் வாசல் தெளிக்கிறேன். பால்காரர் வருகிறார், கீரைக்காரம்மா வருகிறார், ரேஷனில் பருப்பு வந்துவிட்டதென்று சொல்ல எதிர்வீட்டு அக்கா வருகிறார், பிள்ளைக்குச் சான்றிதழ் வாங்க மனு எழுதித் தரச் சொல்லி யாராவது வருகிறார்கள். பொழுது நிறைந்துவிடுகிறது. ராத்திரி படுத்த பிறகு, இன்றைக்கு இவரிடம் என்ன பேசினேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். கரண்ட் பில், மோட்டார் ரிப்பேர், பிரஷர் மாத்திரை. முன்னாலும் இப்படித்தான் இருந்தது. அப்போது அது எனக்குக் குறையாகத் தெரிந்ததில்லை. இப்போது தெரிகிறது. அங்கே பேசிக்கொண்ட அந்த இரண்டு பேர்தான் உண்மையில் நாங்களா, அல்லது பேச வேறு ஆளே இல்லாததால் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டோமா? இதற்கு விடை தெரியாமல் இருப்பதுதான் என்னை அரிக்கிறது.

வேப்பூரில் இரண்டு பேர் தனியாக இருப்பது எளிதில்லை. சென்னை – திருச்சி நெடுஞ்சாலையும் விருத்தாசலத்திலிருந்து சேலம் பக்கம் போகிற சாலையும் இங்கேதான் வெட்டிக்கொள்கின்றன. நடுராத்திரியிலும் கூட்டுரோட்டு டீக்கடையில் பால் கொதிக்கும், லாரி நிற்கும், எந்த ஊருக்கோ போகிற பஸ்ஸிலிருந்து தூக்கக் கலக்கத்தோடு யாராவது இறங்குவார்கள். வெள்ளிக்கிழமை விடிவதற்குள் ஆட்டுச்சந்தைக்கு வண்டிகள் வந்துவிடும். தீபாவளி, பக்ரீத் சமயமென்றால் தெருவெல்லாம் ஆட்டு வாடையும் பேர விரல்களும்தான். இவர் விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தவர். நான் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஆசிரியை. காலையில் இரண்டு டிபன் பாக்ஸ் கட்டுவேன். ஒன்று கிழக்கே பஸ் ஏறும், ஒன்று மேற்கே. சாயங்காலம் வந்தால் கூடத்தில் மாமியார் கட்டில், திண்ணையில் பாடம் கேட்க வந்த பிள்ளைகள், அடுப்படியில் நாத்தனார். ஞாயிற்றுக்கிழமை என்பது காதுகுத்துக்கும் கருமாதிக்கும் உரியது. மாசி மகத்துக்கு விருத்தகிரீஸ்வரர் கோயிலுக்குப் போனாலும் ஆண்கள் முன்னே, பெண்கள் பின்னே, நடுவில் பிள்ளைகள். இவருடைய முதுகு எனக்கு நன்றாகத் தெரியும். சட்டைக் காலருக்குக் கீழே வேர்வை எந்த வடிவத்தில் பரவும் என்றுகூடச் சொல்வேன். நடக்கும்போது இவருடைய முகம் எப்படி இருக்கும், எதைப் பார்த்தால் நடை தளரும் என்பதெல்லாம் எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது.

விசாவுக்காகச் சென்னையில் அமெரிக்கத் துணைத் தூதரகத்து வரிசையில் நின்றோம். அவர்களுடைய குடியேற்றச் சட்டத்தில் 214(பி) என்று ஒரு பிரிவு இருக்கிறது. சட்டம் 1952-இல் வந்தது. சுற்றிப் பார்க்க வருகிறேன் என்று விசா கேட்கிறவரை, அங்கேயே தங்கிவிட வருபவர் என்றுதான் முதலில் கருத வேண்டும். அப்படி இல்லை என்று காட்டுகிற பொறுப்பு கேட்பவருடையது. சொந்த ஊரோடு பிடிப்பு இருக்கிறதென்று காட்ட வேண்டும். எங்கள் பிளாஸ்டிக் உறையில் வீட்டுப் பத்திரம், என் பென்ஷன் காகிதம், பாங்கு பாஸ்புக், காட்டுக்குப் பட்டா எல்லாம் இருந்தன. ஊரோடு எங்களைக் கட்டிவைத்திருப்பது எது என்று நான் அதற்குமுன் யோசித்ததே இல்லை. வரிசையில் நிற்கும்போது யோசித்தேன். பட்டாவும் பென்ஷனும் சொல்லுகிற பிடிப்பு சின்னது. ஊர் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அது எங்களைக் கட்டியும் வைத்திருக்கிறது, தள்ளியும் வைத்திருக்கிறது. இதை அந்த ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அதிகாரியிடம் சொல்ல முடியாது. அவர் காகிதங்களை வாங்கிப் பார்க்கவும் இல்லை. மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று மட்டும் கேட்டார்.

மகளுக்குப் பிரசவம். நியூ ஜெர்சியில் எடிசன் என்ற ஊர். பெரும்பாலான பெற்றோருக்குக் கிடைக்கிற ஆறு மாத அனுமதிதான் எங்களுக்கும். மாடியில் இரண்டு படுக்கையறை வீடு, தரையெல்லாம் கம்பளம். போன அன்றே இவர் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். பொள்ளென்று கேட்டது. மரச்சட்டத்தின்மேல் ஜிப்சம் பலகை. செராமிக்கில் பொம்மை வார்க்கிற அச்சு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்வார்கள். அதுவும் சுட்ட ஜிப்சம்தான். களிமண் கூழை அச்சில் ஊற்றினால் பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், சுற்றிலும் ஓடு கட்டும், மீதியைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே பொள்ளலாகப் பொம்மை நிற்கும். "நாம அச்சு ஊத்தறத இவங்க வீடா கட்டிக்கிறாங்க" என்றார். நான் சிரித்தேன். அவர் வேலையைப் பற்றி என்னிடம் சொல்லி நான் சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

சமையலறை கூடத்தோடு சேர்ந்தது. கூரையில் புகைக்கு அலறுகிற கருவி. கடுகு வெடித்து மிளகாய் நிறம் மாறினால் போதும், கத்த ஆரம்பித்துவிடும். பச்சைக் குழந்தை உள்ளே தூங்குகிறது. தாளிக்காத குழம்பை மருமகன் சாப்பிடுவார், நாங்கள் எப்படிச் சாப்பிடுவது? இவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஜன்னலைத் திறந்துவிட்டு, தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக்கொண்டு கருவிக்கு நேர் கீழே நின்று விசிறுவார். நான் கரண்டியை அடுப்பில் வைத்துக் காத்திருப்பேன். "போடலாமாங்க?" "இரு... ம், போடு." கடுகு, உளுந்து, மிளகாய், கறிவேப்பிலை என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டுக் கேட்டுப் போடுவேன். எண்ணெய் ஓசை அடங்குகிறவரை இவர் கை நிற்காது. வேப்பூர் வீட்டில் இவர் அடுப்படி நிலையைத் தாண்டி வந்ததில்லை; தண்ணீர் வேண்டுமென்றாலும் கூடத்திலிருந்து குரல்தான் வரும். இங்கே தாளிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. தாளித்து முடிந்ததும் உடனே போய்விட முடியாது, வாடை வெளியேறுகிறவரை நிற்க வேண்டும். அந்த நிற்கிற நேரத்தில்தான் பேச்சு வந்தது.

ஒருநாள் அப்படி நின்றபோது, குஜராத்தில் மோர்பியிலிருந்து தனக்கு ஒரு வேலை வந்ததென்று சொன்னார். மோர்பி ஓட்டுக்கும் டைல்ஸுக்கும் பேர்போன ஊர். சூளை பார்க்கத் தெரிந்த ஆளுக்கு இங்கே கிடைப்பதைப்போல் இரண்டு மடங்குக்குமேல் அங்கே சம்பளம். மகள் சின்னப் பிள்ளையாக இருந்த காலம். என் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வரச் சொல்ல மனம் வரவில்லை, தனியாகப் போகவும் மனம் வரவில்லை, அதனால் மறுத்துவிட்டதாகச் சொன்னார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "எங்க சொல்றது? கூடத்துல அம்மா, திண்ணையில பசங்க." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு நானும் சொன்னேன். தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு வந்து, இடம் தூரமென்பதால் எழுதிக் கொடுத்து விட்டுவிட்டதை இவரிடம் நான் சொன்னதே இல்லை. இவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். அன்றைக்கு ரசத்தில் உப்பில்லை, ஆனால் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுத்தோம் என்று பெருமைப்பட இதில் எதுவும் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே, இப்படி ஒன்று நடந்ததே தெரியாமல் இவரோடு என்னதான் பேசிக்கொண்டிருந்தேன்? அந்தக் கேள்வி எனக்கு அங்கே வரவில்லை. வேப்பூருக்கு வந்த பிறகுதான் வந்தது.

குளிர் இறங்கியதும் வெளியே போவதே ஒரு வேலையாகிவிட்டது. எனக்கு முட்டிவலி, குனிந்து ஷூ லேஸ் கட்ட வராது. இவர் தரையில் உட்கார்ந்து கட்டிவிடுவார். இவருடைய அங்கியின் ஜிப் அடியிலேயே சிக்கிக்கொள்ளும். அதை நான் இழுத்து மேலேற்றிவிடுவேன். பட்டப்பகலில், மருமகன் எதிரே. முதலில் உடம்பு கூசியது, பிறகு பழகிவிட்டது. நடைபாதை இரண்டு பேர் அகலம். முன்னே பின்னே போக வேண்டியதில்லை. நடந்து போகிற தூரத்தில் மென்லோ பார்க். தாமஸ் எடிசன் 1876-இல் ஆய்வுக்கூடம் வைத்த இடம். 1879-இல் நின்று எரிகிற பல்பைக் கண்டது அங்கேதான். இப்போது அங்கே 1938-இல் திறந்த ஒரு கோபுரம் நிற்கிறது, 131 அடி, உச்சியில் ஆள் உயரத்தைவிடப் பெரிய கண்ணாடி பல்பு. எடிசன் என்று ஊருக்குப் பெயர் வைத்ததே அவரால்தான், 1954 வரை அது ராரிட்டன். இவருக்குப் பல்பில் அவ்வளவு ஈடுபாடில்லை. ஃபியூஸுக்கும் எடிசன் 1890-இல் காப்புரிமை வாங்கியிருக்கிறார் என்று மருமகன் செல்போனில் பார்த்துச் சொன்னதும் அப்படியே நின்றுவிட்டார். இவர் கம்பெனியில் பொம்மைக்கு அடுத்தபடியாக அடித்தது ஃபியூஸ் கேரியர்தான். பீங்கான் மாவில் எண்ணெய் பிசைந்து, கைப்பிரஸ்ஸில் அடித்து, பிசிறு சீவி, கிளேஸில் முக்கிச் சூளைக்கு அனுப்புவது. எம்.சி.பி. சுவிட்ச் வந்ததும் வீட்டுக்கு வீடு ஃபியூஸ் கட்டை கழற்றப்பட்டு, ஆர்டர் சுருங்கி, பிரஸ்கள் ஒவ்வொன்றாக நின்றன. இதையெல்லாம் அந்தத் தெருவில் குளிரில் நின்றுகொண்டு எனக்குச் சொன்னார். எத்தனையோ வருஷம் அந்த வேலைக்குச் சோறு கட்டிக் கொடுத்திருக்கிறேன். ஒரு ஃபியூஸ் எப்படி உண்டாகிறது என்பது எனக்கு நியூ ஜெர்சியில்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு கடைக்குப் போனால் இவரோடு சேர்ந்து நானும் கோப்பைகளைக் கவிழ்த்துப் பார்க்க ஆரம்பித்தேன். அடியில் கிளேஸ் படாத சொரசொரப்பான வளையம் இருக்கும். அங்கே கிளேஸ் பட்டால் சூட்டில் உருகிச் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். கையால் தொட்டே எது ஒழுங்காகச் சீவினது, எது அவசரத்தில் விட்டது என்று சொல்வார். எந்த நாட்டுச் சரக்கு என்பது அவருக்குப் பொருட்டில்லை.

எடிசனின் அந்த ஆய்வுக்கூடம் இன்று மென்லோ பார்க்கில் இல்லை. ஹென்றி ஃபோர்டு 1929-இல் அதை மிச்சிகனில் டியர்பார்ன் என்ற ஊரில், தன் அருங்காட்சியகக் கிராமத்துக்குள் திரும்ப எழுப்பினார். கிடைத்த பழைய பலகைகள், சாமான்கள் எல்லாவற்றையும் கொண்டுபோனார். அதோடு விடாமல், கட்டடம் நின்ற இடத்துச் செம்மண்ணையும் ரயிலில் ஏற்றிக்கொண்டுபோய் அங்கே கொட்டினார். இதைக் கேட்டு இவர் வெகுநேரம் தலையாட்டிக்கொண்டே இருந்தார். "மண்ணையும் சேத்தா எடுத்துக்கிட்டுப் போனான்? வெவரமான ஆளு." மண்ணோடு வாழ்ந்த மனிதருக்கு அதில் ஒரு தொழில் நியாயம் தெரிந்திருக்கும். எனக்கு வேறொன்று தோன்றியது. நாங்கள் மண்ணை விட்டுவிட்டு வந்திருந்தோம். வேப்பூர் மண் காலடியில் இருந்திருந்தால் இவர் என்னிடம் ஃபியூஸைப் பற்றிச் சொல்லியிருக்கமாட்டார், சொல்ல ஆரம்பிப்பதற்குள் யாராவது "என்ன மாமா, எப்ப வந்தீங்க" என்று கேட்டிருப்பார்கள். இதில் எனக்கு நிம்மதி இல்லை. ஊர் இல்லாவிட்டால்தான் நாங்கள் கணவன் மனைவி என்றால், ஊரில் நாங்கள் யார்?

அங்கே எல்லாம் இனிப்பாக இருந்தது என்று எழுதினால் அது உண்மையாகாது. சண்டையும் வந்தது. இவருக்கு முன்கூட்டியே திரும்பிவிட வேண்டும். எனக்குக் குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கிற வரைக்குமாவது இருக்க வேண்டும். அந்த ஜிப்சம் சுவருக்குப் பின்னால் மகள் படுத்திருக்கிறாள். குரல் எழுப்ப முடியாது. கிசுகிசுவென்று சண்டை போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு கொடுமை என்று. கத்திச் சொன்னால் காற்றோடு போய்விடுகிற சொல்லெல்லாம் மெதுவாகச் சொன்னால் உள்ளே இறங்கித் தங்கிவிடும். ஊரில் என்றால் இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூட்டுரோட்டுக்குப் போய்விடுவார். ஒரு டீ, யாரோடாவது கட்சிப் பேச்சு, கடையில் தொங்கும் பேப்பர். சாப்பாட்டு நேரத்துக்கு வருவார், நான் சோறு போடுவேன், அவ்வளவுதான். எதற்காகச் சண்டை வந்ததென்று மறுநாள் இரண்டு பேருக்கும் நினைவிருக்காது. அங்கே இவர் அங்கியை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனார். கார் நிறுத்துகிற இடத்தில் நின்றார். பனி தூவிக்கொண்டிருந்தது. வெளிக்கதவு தானாகப் பூட்டிக்கொள்கிற கதவு. சாவி அட்டை இவரிடம் இல்லை. கோபித்துக்கொண்டு போனவரை நானே போய்க் கதவு திறந்து கூட்டிவர வேண்டியிருந்தது. மாடிப்படியில் ஏறும்போது ஒன்றும் பேசவில்லை. அறைக்கு வந்த பிறகு சண்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது, ஏனென்றால் அதை வாங்கிக்கொள்ள வேறு இடமே இல்லை. விடிகாலைவரை பேசினோம். இந்திய நேரம் அங்கத்திய நேரத்துக்குக் கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி முன்னால். எங்களுக்கு வியாழன் ராத்திரி. ஊரில் வெள்ளிக்கிழமை, சந்தையில் ஆட்டுப் பேரமெல்லாம் முடிந்திருக்கும். அந்த ராத்திரி தீர்ந்த விஷயங்கள் சில உண்டு. ஊரிலிருந்தால் அவை தீர்ந்தே இருக்காது, பழகிப்போயிருக்கும். எங்கள் சண்டைகளையெல்லாம் ஊர் வாங்கிக்கொண்டது. கூடவே பேச்சையும் வாங்கிக்கொண்டது. இதில் எது லாபம் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இத்தனை வருஷம் உடையாமல் எங்களைக் கொண்டுவந்து சேர்த்ததும் அந்த ஊர்தானே?

தமிழில் கணவனும் மனைவியும் சேர்ந்து தூரதேசம் போனது எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். கடல் கடந்து போகும்போது பெண்ணைக் கூட்டிப் போகிற வழக்கம் இல்லை என்கிறது தொல்காப்பியம். அந்தச் சூத்திரத்துக்கு உரைகாரர்கள் ஒரேமாதிரி பொருள் சொல்வதில்லை என்றாலும், பாலைத் திணை முழுக்கவே அவன் போவதும் அவள் இருப்பதும்தான். உடன்போக்கு உண்டு, ஆனால் அது கல்யாணத்துக்கு முந்தைய ஓட்டம். புகாரிலிருந்து மதுரைவரை கோவலனும் கண்ணகியும் நடந்ததுதான் எனக்குத் தெரிந்து ஒரு தம்பதியின் நீண்ட பயணம்; அதிலும் கவுந்தியடிகள் கூடவே வருகிறார், மூன்றாவது ஆள் இல்லாமல் அங்கேயும் ஆகவில்லை. நம் பயணப் புத்தகங்களில் எழுதுகிறவர் பெரும்பாலும் தனி ஆள். காந்தி படத்துக்காகக் கண்டம் கண்டமாக அலைந்த ஏ.கே. செட்டியாரானாலும், 1973-இல் அயோவாவுக்குப் போய் அந்த அனுபவத்தை 'ஒற்றன்' ஆக்கிய அசோகமித்திரனானாலும், குளிரும் பசியும் தனிமையும் அவர்கள் ஒருவருக்கே உரியவை. கொச்சியில் டீக்கடை நடத்திக்கொண்டே உலகம் சுற்றிய விஜயனையும் மோகனாவையும் பலருக்குத் தெரிந்திருக்கும். ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்று கடை. தினம் கொஞ்சம் ஒதுக்கி, போதாததற்குக் கடன் வாங்கி, திரும்பி வந்து அடைத்து, மறுபடி போய், 26 நாடுகள் பார்த்தார்கள். ரஷ்யா போய்வந்த கொஞ்ச நாளில், 2021 நவம்பரில், விஜயன் இறந்தார். அவர்களுடைய படங்களை நான் உற்று உற்றுப் பார்த்திருக்கிறேன். பனிக்கு முன்னால், பாலத்துக்கு முன்னால், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். அந்த நிற்பில் கூச்சமே இல்லை. பிறகு புரிந்தது. அவர்கள் கடையிலேயே நாள் முழுக்கச் சேர்ந்து நின்றவர்கள்; அவர் டீ ஆற்ற, அவர் மனைவி பலகாரம் போட. அந்நிய நாட்டுக்குப் போய்த்தான் அறிமுகமாக வேண்டும் என்ற நிலை அவர்களுக்கு இல்லை. அந்தப் படங்களைப் பார்த்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது, அது நாடுகளுக்கான ஏக்கம் இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு கதை உண்டு. திருமுதுகுன்றத்தில், அதாவது விருத்தாசலத்தில், சுந்தரருக்கு ஈசன் 12,000 பொன் கொடுத்தார். வழியில் தூக்கிச் சுமக்க முடியாது. மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுப் போய்த் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்றார். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்ற சொலவடையை இந்தக் கதையோடுதான் எங்கள் ஊரில் சொல்வார்கள். வெளிநாட்டிலிருந்து பணம் வந்துசேரும்போதெல்லாம் எங்கள் ஊர்க் கிழவிகளுக்கு இந்தக் கதை நினைவு வரும். எனக்குக் கதையில் பிடித்தது பொன் வந்துசேருகிற அதிசயம் இல்லை. திருவாரூரில் சுந்தரர் குளத்தில் இறங்கித் தடவித் தடவித் தேடுகிறார், உடனே கிடைக்கவில்லை. கரையில் நிற்கும் மனைவி பரவையார், ஆற்றில் போட்டதை இங்கே தேடுகிறீரே என்று சிரிக்கிறார். ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருந்த மனிதர் அவர். ஒற்றியூரில் இன்னொரு கல்யாணமும் செய்துகொண்டவர். பரவையாருக்கு அவரோடு சேர்ந்து வாய்த்த நேரம் எவ்வளவு இருந்திருக்கும்? அந்தக் குளத்தங்கரையில் ஒருவர் தண்ணீருக்குள், ஒருவர் கரையில், ஒரே காரியத்தில் இரண்டு பேரும் முனைந்திருக்கிறார்கள். அவர் இடுப்பளவு நனைந்து நிற்பதைப் பார்த்துச் சிரிக்கிற உரிமை பரவையாருக்கு இருக்கிறது. பொன் கொஞ்சம் தாமதமாகவே கிடைத்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன்.

வேப்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் வெளிநாடு என்ற சொல் கணவன் மனைவியைப் பிரிக்கிற சொல். துபாய், குவைத், சிங்கப்பூர், மலேசியா. சேர்ந்து போகக் கூடாதென்று யாரும் தடுப்பதில்லை, சம்பளம் தடுக்கிறது. அமீரகத்தில் மனைவியை அழைத்துக்கொள்ள மாதம் 4,000 திர்ஹாம் வாங்க வேண்டும், அல்லது 3,000-மும் தங்க இடமும் வேண்டும். சிங்கப்பூரில் மாதம் 6,000 வெள்ளி சம்பளமுள்ள எஸ் பாஸ், ஈ பாஸ்காரர்கள் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம். கட்டட வேலைக்குப் போகிற பெர்மிட்காரர்களுக்கு அது கிடையாது. சேர்ந்து வாழ ஒரு தொகை நிர்ணயித்திருக்கிறார்கள். அதற்குக் கீழே சம்பாதிக்கிறவன் வருஷக் கணக்கில் செல்போனில்தான் கணவன். எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு பெண் இருக்கிறாள், என்னிடம் படித்தவள். கல்யாணமான வருஷமே அவன் சிங்கப்பூர் போனான். லீவில் வருவான், வந்தால் வீடு நிறைய ஆள், போகிற நாளுக்கு முந்தின ராத்திரிதான் தனியாகக் கிடைக்கும். நாங்கள் திரும்பி வந்த புதிதில் அவள் என்னைப் பார்க்க வந்தாள். ஊர் எப்படி, குளிர் எப்படி என்று மற்றவர்கள் கேட்டதை அவள் கேட்கவில்லை. "நாள் முழுக்க சார்கூடவேவா இருந்தீங்க டீச்சர்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் முகத்தில் தெரிந்தது பொறாமை இல்லை. எட்டாத ஒன்றை விலை விசாரிக்கிறவளுடைய பார்வை. பேச்சு நின்றுபோனதே என்ற என் அரிப்பு அந்தப் பார்வைக்கு முன்னால் எவ்வளவு வசதியானது என்று அன்றைக்குத் தோன்றியது. தோன்றியும் அது போகவில்லை. அவளுக்குக் கிடைக்காதது எனக்கு முப்பது வருஷத்துக்குமேல் தினமும் கிடைத்தது. நான் அதைக் கூடத்துக்கும் திண்ணைக்கும் கூட்டுரோட்டுக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டேன். இவரும் அப்படித்தான். அவளுடைய பசியையும் என்னுடைய குறையையும் ஒரே பெயரிட்டு அழைப்பது நியாயமா என்று தெரியவில்லை. ஆனால் இரண்டும் ஒரே இடத்தில்தான் வலிக்கின்றன.

போன மாதம் அவள் மறுபடி வந்தாள். சிங்கப்பூருக்குப் பார்வையாளராகப் போய்வர மனு எழுதித் தரச் சொன்னாள். முப்பது நாள்வரை கிடைக்கலாம். அவன் இருப்பது தொழிலாளர் விடுதியில், அங்கே பெண்கள் தங்க முடியாது. சிராங்கூன் ரோடு பக்கம் சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் ஓர் அறை கேட்டு வைத்திருக்கிறான். பாரத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போது மெதுவாகக் கேட்டாள்: "அவ்ளோ நாள் அவர்கிட்ட என்ன டீச்சர் பேசறது?" இதுவரை அவர்கள் பேசியதெல்லாம் பணம் வந்துவிட்டதா, மாமாவுக்கு ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள், சீட்டு எப்போது முடிகிறது. என்னிடம் அதற்குப் பதில் இல்லை. ஒன்றும் பேசாவிட்டாலும் பரவாயில்லை, சேர்ந்து செய்கிற மாதிரி ஏதாவது வேலை வைத்துக்கொள்ளுங்கள், அந்த அறையில் நீயே சமை, அவரைப் பக்கத்தில் நிற்க வை என்றேன். அவள் சிரித்தாள். பிறகு யோசித்தால், நாள் முழுக்க என்ற பேச்சே இல்லை. அவனுக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு; மற்ற நாள் விடியற்காலை லாரியில் போனால் ராத்திரிதான். எண்ணிப் பார்த்தோம். முப்பது நாளில் சாதாரணமாக நான்கு ஞாயிறு வரும். சனிக்கிழமை போய் இறங்கினால் ஐந்து. திருச்சியிலிருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி விமானமாகப் பார்த்துப் போடச் சொல்லியிருக்கிறேன்.